வந்த வழியா, வந்த காரணமா?

1976 ஏப்ரல் கடைசி வாரம். ஆஸ்திரேலியாவின் வடமுனையில், டார்வின் நகரக் கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரப்படகு நங்கூரமிட்டு நின்றது. அதில் ஐந்து வியட்நாம் இளைஞர்கள் இருந்தார்கள். அத்தனை தூரம் அவர்களுக்குக் கடலில் வழிகாட்டியது பள்ளிக்கூட அட்லஸிலிருந்து கிழித்தெடுத்த ஒரு பக்கம். படகில் ஏறிய அதிகாரிகளிடம் அவர்கள் கேட்டது, இந்த நாட்டில் தங்க அனுமதி. கிடைத்தது.

2014 ஜூன். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு படகு புறப்பட்டது. அதில் 157 ஈழத்தமிழர்கள்; ஏறத்தாழ 50 பேர் குழந்தைகள். கிறிஸ்துமஸ் தீவை நெருங்கியபோது ஆஸ்திரேலிய சுங்கத்துறைக் கப்பல் அவர்களை எடுத்துக்கொண்டது. ஆனால் கரைக்குக் கொண்டுபோகவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் நடுக்கடலிலேயே வைத்திருந்தது. நாளின் பெரும்பகுதி சன்னல் இல்லாத அறைகளில் கழிந்தது; குடும்பத்து ஆண்களைத் தனியே பிரித்துவைத்தார்கள். அப்படி ஒரு படகு வந்ததாகச் சொல்லக்கூடக் குடிவரவு அமைச்சர் பல நாள் மறுத்தார்.

இந்த இரண்டு படகுகளுக்கும் இடையே 38 ஆண்டுகள். ஆஸ்திரேலியா இந்தக் காலத்தில் ஏழையாகிவிடவில்லை; பல மடங்கு செல்வம் சேர்த்தது. அகதிகள் உடன்படிக்கையிலிருந்து விலகவும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அந்த உடன்படிக்கை 1954இல் நடைமுறைக்கு வந்ததே ஆறாவது நாடாக ஆஸ்திரேலியா இணைந்ததால்தான். பிறகு மாறியது என்ன?

மாறியது கேள்வி. வந்தவரிடம் 'ஏன் வந்தாய்?' என்று கேட்ட அரசு, 'எப்படி வந்தாய்?' என்று கேட்கத் தொடங்கியது. உடன்படிக்கையின் உயிர் முதல் கேள்வியில் இருக்கிறது: ஒருவர் திரும்பிப்போனால் உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்து உண்டா என்பது. ஆபத்திலிருந்து நேராகத் தப்பி வருபவர் அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 31ஆம் பிரிவு சொல்கிறது. தப்பியோடுகிறவனுக்கு, துரத்துகிற அரசே பாஸ்போர்ட் அடித்துக் கொடுக்காது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியும்; அவர்கள் இரண்டாம் உலகப் போரைப் பார்த்தவர்கள். அந்த முதல் கேள்வியை இரண்டாவது கேள்வி விழுங்கிய கதைதான் ஆஸ்திரேலியப் புகலிட அரசியலின் கதை. அதில் நம்மவர்களின் பெயரும் இருக்கிறது.

பூட்டு முதலில், கொள்கை பிறகு

வியட்நாம் படகுகள் வந்தபோது பிரதமராக இருந்தவர் மால்கம் ஃப்ரேசர். படகு என்றால் அன்றும் மக்களிடம் பயம் இருந்தது. பத்திரிகைகள் படையெடுப்பு என்றே எழுதின. ஃப்ரேசர் அந்தப் பயத்துக்குத் தீனி போடாமல், தென்கிழக்காசிய முகாம்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து விமானத்தில் அழைத்துவரும் ஏற்பாட்டைச் செய்தார். அந்த ஆறேழு ஆண்டுகளில் நேராகப் படகில் வந்தவர்கள் சுமார் 2,000 பேர்தான். விமானத்தில் வந்து குடியேறியவர்கள் பல்லாயிரம். பாதுகாப்பான வழி ஒன்று திறந்திருந்ததால் ஆபத்தான வழிக்கு ஆள் குறைந்தது. இந்தப் பாடத்தைப் பின்னால் வந்த ஆட்சியாளர்கள் மறந்தார்கள்.

1989 முதல் கம்போடியப் படகுகள் வரத் தொடங்கின. 1992இல் பால் கீட்டிங்கின் லேபர் அரசு கட்டாயத் தடுப்புக்காவல் சட்டத்தைக் கொண்டுவந்தது. விசா இல்லாமல் படகில் வந்தவரை அடைத்தே தீரவேண்டும். விடுவிக்க நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. அப்போது 273 நாள் என்று ஒரு வரம்பாவது இருந்தது. 1994இல் அதுவும் போயிற்று. 'கருணையுள்ள லேபர், கடுமையான லிபரல்' என்ற எளிய கோடு இங்கேயே அழிந்துவிடுகிறது. பூட்டைச் செய்தது ஒரு கட்சி, சாவியைத் தொலைத்தது இன்னொன்று என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் மாறி மாறி அந்த வேலையைச் செய்தன.

1999இல் ஜான் ஹோவர்டின் லிபரல் அரசு தற்காலிகப் பாதுகாப்பு விசாவைக் கொண்டுவந்தது. இந்த யோசனையை முதலில் எழுப்பியது பாலின் ஹான்சனின் தீவிர வலதுசாரிக் கட்சி. முதலில் அதை நிராகரித்த அரசே பிறகு சட்டமாக்கியது. படகில் வந்தவர் உண்மையான அகதி என்று அரசே ஒப்புக்கொண்டாலும் மூன்று ஆண்டு விசாதான். மனைவி மக்களை அழைக்க உரிமை இல்லை.

அதன் விளைவைக் கடல் சொன்னது. 2001 அக்டோபர் 19 அன்று இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு படகு மூழ்கி 353 பேர் இறந்தார்கள். அவர்களில் 146 பேர் குழந்தைகள், 142 பேர் பெண்கள். கணவனோ தகப்பனோ முன்பே ஆஸ்திரேலியாவில் அகதியாக ஏற்கப்பட்டிருந்த குடும்பங்கள் அதில் பல. அவர்களைச் சட்டப்படி அழைத்துக்கொள்ளும் கதவை அடைத்தது அந்த விசாதான். படகைத் தடுக்க வந்த சட்டம் பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டது.

டாம்பா

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2001 ஆகஸ்ட் 26 அன்று, டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு படகிலிருந்து 433 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது. பெரும்பாலோர் தாலிபானிடமிருந்து ஓடிவந்த ஆப்கானிஸ்தானத்து ஹசாரா மக்கள். கேப்டன் ஆர்னே ரின்னன் அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் இறக்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. நோயாளிகள் இருக்கிறார்கள் என்று சொல்லி அவர் ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் நுழைந்தபோது அரசு அனுப்பியது மருத்துவர்களை மட்டுமல்ல. ராணுவத்தின் சிறப்புப் படை கப்பலில் ஏறியது.

அதே வாரத்தில் தொடங்கியதுதான் 'பசிபிக் தீர்வு'. கிறிஸ்துமஸ் தீவு போன்ற தீவுகள் குடிவரவுச் சட்டத்தின் எல்லையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டன. வந்தவர்கள் நவுரு என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டுக்கும், பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவுக்கும் அனுப்பப்பட்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது இந்த விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. அகதி, பயங்கரவாதி, எல்லை என்ற மூன்று சொற்களும் ஒன்றாகக் குழைந்தன. யார் வரலாம், எந்தச் சூழ்நிலையில் வரலாம் என்பதை நாங்கள்தான் முடிவுசெய்வோம் என்ற ஹோவர்டின் வாசகம் தேர்தல் முழக்கமாயிற்று. அகதிகள் குழந்தைகளைக் கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அப்படி எந்தக் குழந்தையும் வீசப்படவில்லை என்று மறு ஆண்டு செனட் விசாரணை கண்டறிந்தது. ஆனால் நவம்பர் 10 தேர்தல் அதற்கு முன்பே முடிந்து, ஹோவர்ட் வென்றிருந்தார். டாம்பாவின் கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் 2002இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சென் விருது கிடைத்தது.

அந்த முதல் பசிபிக் தீர்வின் கணக்கைப் பாருங்கள். 1,637 பேர் தீவுகளில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் கடைசியில் அகதிகளாக மீள்குடியேறினர். அவர்களில் 700 பேருக்கும் மேல் ஆஸ்திரேலியாவிலேயே குடியேறினர். இவர்களுக்கு எங்கள் நாட்டில் இடமில்லை என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டு, சில ஆண்டுகளை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பின்னர் அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

'கடலில் சாவைத் தடுத்தோம்'

2008இல் கெவின் ரட்டின் லேபர் அரசு நவுருவை மூடியது. இலங்கைப் போர் அப்போது அதன் கொடிய கட்டத்தில் இருந்தது, ஆப்கானிஸ்தானும் எரிந்தது. படகுகள் மீண்டும் வந்தன. 2010 டிசம்பர் 15 அன்று கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதி உடைந்து 50 பேர் இறந்தார்கள். தீவுவாசிகள் பாறை விளிம்பில் நின்று மிதவை அங்கிகளை வீசினார்கள். எதிர்க்காற்று பலவற்றை அவர்கள் காலடிக்கே திருப்பிப் போட்டது. 2008 முதல் 2013 வரை அந்தக் கடலில் செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

கடுமையான கொள்கையை ஆதரிப்பவர்களின் மிக வலுவான வாதம் இது. மனித உரிமை பேசுகிறவர்கள் இதைக் கேட்காததுபோல் நகரக் கூடாது. படகு வராவிட்டால் மூழ்கவும் ஆளில்லை என்பது உண்மை. 2014க்குப் பிறகு ஆஸ்திரேலியக் கரையை எட்டிய படகுகள் மிக அரிது என்பதும் உண்மை. அப்படியானால் எது அவற்றை நிறுத்தியது?

2012 ஆகஸ்டில் ஜூலியா கில்லர்ட் அரசு நவுருவையும் மானுஸையும் திரும்பத் திறக்க முடிவெடுத்தது. படகுகள் குறையவில்லை. 2013இல் வந்தவர் தொகை 20,000ஐத் தாண்டியது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அத்தனை பேர் வந்ததில்லை. 2013 ஜூலை 19 அன்று, மீண்டும் பிரதமராகியிருந்த ரட், படகில் வருகிற யாருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியேற இனி ஒருநாளும் வாய்ப்பில்லை என்று அறிவித்தார். அதன் பிறகு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. அது ஏறத்தாழ நின்றது, அந்த ஆண்டின் இறுதியில் டோனி அபாட் அரசு கடற்படையைக் கொண்டு படகுகளை நடுக்கடலில் திருப்பியனுப்பத் தொடங்கிய பிறகுதான். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கால்டோர் மைய ஆய்வாளர்கள் இந்த வரிசையைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்: தீவுச் சிறைகள் படகை நிறுத்தவில்லை.

ஆனால் அந்தத் தீவுகளில் அடைக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். பெரும்பாலோர் அகதிகள் என்று விசாரணையில் உறுதியானவர்கள். 2014 பிப்ரவரியில் மானுஸ் முகாமுக்குள் ஓர் ஈரானிய இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். 2016இல் பப்புவா நியூ கினி உச்ச நீதிமன்றம் மானுஸ் தடுப்புக்காவலே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2017இல் அங்கிருந்தவர்கள் தொடுத்த வழக்கில் ஆஸ்திரேலிய அரசு 7 கோடி டாலர் இழப்பீட்டுக்கு இணங்கியது. நியூசிலாந்து ஆண்டுக்கு 150 பேரை எடுத்துக்கொள்கிறேன் என்று 2013இலேயே சொன்னது. 2022 வரை ஆஸ்திரேலியா சம்மதிக்கவில்லை. வேறு யாருக்கோ செய்தி சொல்வதற்காக இவர்கள் பிடித்துவைக்கப்பட்டார்கள். உயிரைக் காப்பது நோக்கமென்றால், ஏற்கெனவே உயிர் தப்பி வந்தவர்களை ஏன் அழிக்கவேண்டும்?

கடலில் சாவு என்பது அங்கே நின்றது, வேறிடத்தில் தொடர்ந்தது. 2015 மே மாதம் அந்தமான் கடலில் ஆயிரக்கணக்கான ரோஹிங்கியாக்கள் படகுகளில் தத்தளித்தபோது, சிலருக்காவது இடம் தருவீர்களா என்று அபாட்டிடம் கேட்டார்கள். மறுப்பை அவர் மூன்று முறை அடுக்கிச் சொன்னார்.

பெயர் போய் எண் வந்தது

வந்த வழியே ஆளின் அடையாளமாகிவிட்டதற்கு ஒரு சான்று போதும். படகுகளுக்கு ஆங்கில எழுத்துகளில் குறியீடு வைப்பார்கள். அதில் வந்தவருக்கு ஓர் எண். முகாமில் கூப்பிடுவது அதை வைத்துத்தான். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் 'போட் ஐ.டி.'. குர்து எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி மானுஸில் 'எம்.ஈ.ஜி. 45' ஆக இருந்தார். கைப்பேசியில் துண்டு துண்டாகத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் எழுதிய நூல் 2019இல் விக்டோரியா மாநிலத்தின் உயரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. பரிசை வாங்க அவரால் வர முடியவில்லை. மானுஸை விட்டு வெளியேற அனுமதி இல்லை.

ஈழத்தமிழர் விஷயத்தில் இது இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. 2012 அக்டோபர் முதல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வடிகட்டல் முறை வந்தது. வந்திறங்கிய உடனே ஒரு குறுகிய நேர்காணல், பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லை. தேறாதவர் நேராகக் கொழும்புக்கு விமானம் ஏற்றப்பட்டார். ஓராண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் திரும்பினார்கள். 2013 நவம்பரில், போர்க்குற்றக் கேள்விகளால் கனடாவின் பிரதமர் புறக்கணித்த அதே காமன்வெல்த் மாநாட்டுக்குக் கொழும்பு சென்ற அபாட், படகுகளைத் தடுக்க இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களை அளிப்பதாக அறிவித்தார். துரத்துகிறவர் கையிலேயே கதவுச் சாவி கொடுக்கப்பட்டது. 157 பேரைக் கடலில் வைத்திருந்தது சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகள் ஒருபக்கம், மூவர் மறுபக்கம்.

தீவுக்கு அனுப்பப்படாமல் நாட்டுக்குள் விடப்பட்டவர்கள் 30,000 பேருக்கும் மேல். அவர்கள் கையில் இருந்தது 'பிரிட்ஜிங் விசா'. முதலில் பலருக்கு வேலை செய்யும் உரிமைகூட இல்லை. 2014இல் அவர்களுக்கென்றே ஒரு 'துரித விசாரணை' வந்தது. கேஸ் ரிஜெக்ட் ஆனால் மேல் பரிசீலனை பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே முடியும், ஆளைப் பார்த்து அல்ல. 2023 பிப்ரவரியில் அந்தோனி அல்பனீஸி அரசு தற்காலிக விசாக்காரர்கள் சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. அது நல்ல காரியம், மனமாரப் பாராட்டலாம். துரித விசாரணையில் விழுந்த ஆயிரக்கணக்கானோர் அந்த வழிக்கு வெளியே நின்றார்கள். அந்த ஆண்டு 22 பெண்கள், ஈழத்தமிழரும் ஈரானியரும், மெல்போர்னிலிருந்து கான்பரா நாடாளுமன்றம் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பல்கலைக்கழகத்தில் சேர்க்க முடியாமல் நின்றவர்கள் அவர்கள்.

விமானத்தில் வந்தால்?

இந்தக் கொள்கை உண்மையில் எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று அறிய ஓர் ஒப்பீடு உதவும். 2017-18 நிதியாண்டில் விமானத்தில் சுற்றுலா விசா போன்றவற்றில் வந்திறங்கிப் பின்னர் புகலிடம் கேட்டவர்கள் 27,000க்கும் மேல். படகு நெருக்கடி உச்சத்தில் இருந்த 2013ஐவிட அதிகம். இவர்களில் அகதிகளாக ஏற்கப்பட்ட விகிதம் படகில் வந்தவர்களைவிட மிகக் குறைவு. ஆனாலும் கடற்படை புறப்படவில்லை, தேர்தல் முழக்கம் எழவில்லை, தீவு திறக்கப்படவில்லை. அதே காலத்தில் ஆண்டுக்கு 1,90,000 பேர் வரை நிரந்தரக் குடியேறிகளாக அனுமதிக்கும் திட்டமும் நடந்துகொண்டிருந்தது.

எண்ணிக்கை பிரச்சினை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. தொலைக்காட்சியில் தெரியும் படகு, கட்டுப்பாடு கைநழுவுகிறது என்ற தோற்றத்தைத் தருகிறது. வீட்டுக் கடனும் நெரிசலும் அழுத்தும் மேற்கு சிட்னிப் புறநகர்களில் அந்தத் தோற்றம் ஓட்டை நகர்த்தும். அந்த மக்களின் கவலை பொய்யல்ல. ரயில் நெரிசலும் வீட்டு வாடகையும் நிஜம். அதற்குக் காரணம் படகு என்று காட்டியதுதான் பொய். 'வரிசையைத் தாண்டி வந்தவர்கள்' என்ற சொல்லும் இப்படித்தான். உலக அகதிகளில் ஓராண்டில் மூன்றாம் நாட்டில் மீள்குடியேற இடம் கிடைப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. முல்லைத்தீவிலோ காபூலிலோ அப்படியொரு வரிசை எங்கே நின்றது?

ஏற்றுமதியான கொள்கை

ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த யோசனை கடல் தாண்டியது. 2022 ஏப்ரலில் பிரிட்டன், ஆங்கிலக் கால்வாயைப் படகில் கடப்பவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. 'படகுகளை நிறுத்து' என்ற அபாட்டின் முழக்கத்தையே பிறகு பிரதமரான ரிஷி சுனக் மேடையில் ஒட்டிவைத்துப் பேசினார். ருவாண்டா பாதுகாப்பான நாடல்ல என்று 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் வந்த புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டபோது சொன்ன கணக்கு: 70 கோடி பவுண்டு செலவு, தாமாக முன்வந்து போனவர்கள் நால்வர்.

பிரிட்டனுக்குச் சொந்தமாகவே ஒரு தீவுப் பாடமும் கிடைத்தது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன ஒரு படகு பழுதாகி, அதிலிருந்த ஈழத்தமிழர்கள் பிரிட்டனின் கையிலிருந்த டியகோ கார்சியா என்ற ராணுவத் தளத் தீவில் சேர்ந்தார்கள். அங்கே மூன்று ஆண்டுகள், குழந்தைகள் உட்பட, எலி புகும் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றமும் சொன்னது.

கனடாவும் மாறாமல் இல்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் தங்கவைத்தார். தாங்கள் புறப்பட்ட இடத்தைப் பற்றி அவர்கள் முதலில் சொன்னது பொய், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்த பிறகும் அவர் பின்வாங்கவில்லை. வந்த வழியில் பொய் இருந்தது. வந்த காரணம் உண்மை. 2010இல் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர்கள் வந்தபோது அதே கனடா மாதக்கணக்கில் அடைத்துவைத்தது, பிறகு கூட்டமாகக் கப்பலில் வருபவர்களுக்கென்று தனிச்சட்டமே போட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்களின் சாட்சி

இந்த முப்பது ஆண்டு வரலாற்றில் அரசியல்வாதிகளின் கணக்கைப் பொய்யாக்கிய ஊர் ஒன்று உண்டு. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இறைச்சித் தொழிற்சாலையும் நிலக்கரியும் பிழைப்பான பிலோயீலா. பழமைவாதக் கட்சிக்கே ஓட்டுப்போடும் சிற்றூர். 2018 மார்ச்சில் விடியற்காலையில் அங்கிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் அள்ளிச் சென்றபோது, ஊரே எழுந்தது. நாடு கடத்தப் புறப்பட்ட விமானம் 2019இல் நீதிமன்ற உத்தரவால் நடுவானிலிருந்து டார்வினில் இறக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2022 ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அந்த ஊர்க்காரர்கள் அகதிச் சட்டம் படித்தவர்கள் அல்ல. அந்த வீட்டுக் குழந்தைகளைத் தெரியும், அவ்வளவுதான். கிட்டத்தில் பார்த்த மனிதரிடம் யாரும் எப்படி வந்தாய் என்று கேட்பதில்லை. அதனால்தான் தொலைவான தீவுகள் அரசுகளுக்குத் தேவைப்படுகின்றன.

மாற்று வழி இல்லாமல் இல்லை. முகாம்களிலிருந்து நேராக அழைத்துவரும் இடங்களைக் கூட்டுவது, கனடா 1979 முதல் செய்துவருவதுபோல் ஊர்மக்களே அகதிகளைப் பொறுப்பேற்க விடுவது, குடும்பங்களைச் சேரவிடுவது, விசாரணையை நியாயமாகவும் விரைவாகவும் முடிப்பது. விசாரணையில் தேறாதவரைப் பாதுகாப்பாகத் திருப்பியனுப்பும் உரிமை அரசுக்கு உண்டு; அதை நான் மறுக்கவில்லை. அந்த முடிவு காரணத்தைக் கேட்ட பிறகு வரவேண்டும்.

இதை எழுதும்போது ஒரு கேள்வி நம் பக்கமும் திரும்புகிறது. அந்த 157 பேர் படகு ஏறியது நம் கரையில். 1983 முதல் வந்தவர்களில் 50,000க்கும் மேற்பட்டோர் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் முகாம்களின் பெயரில் 'மறுவாழ்வு' சேர்ந்தது. வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. ஆனால் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே கல்லூரி முடித்த பிள்ளைக்குக்கூட மத்திய அரசின் ஏட்டில் குடியுரிமை இல்லை. பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாட்டு வேலைக்கும் போக முடியாது, அரசு வேலைக்கும் வழியில்லை. அப்படிப்பட்ட ஒரு தகப்பன் பிள்ளைகளோடு இரவில் ஏஜெண்டின் படகில் ஏறினால், அவரை ஏற்றிவிட்டதில் நமக்கும் பங்குண்டு. கான்பராவிடம் கேட்கிற அதே கேள்வியை டெல்லியிடமும் கேட்போம்: நாற்பது ஆண்டுகளாக இவர்கள் எப்படி வந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள், ஏன் வந்தார்கள் என்று எப்போது எழுதப்போகிறீர்கள்?